பாக்ஸிங்ல லைட் மிடில்வெயிட்ல ப்ரோவா இறங்கப் போறீங்களா? பேப்பர், வெயிட், பணம், தேதி எல்லாம் ஒண்ணு ஒண்ணா

என் முதல் ப்ரொஃபஷனல் ஃபைட் நடக்கவே இல்ல. 12 வாரம் கேம்ப் போட்டு, வெயிட்டும் சரியா இறக்கி, ஃபைட்டுக்கு முன்னாடி எடை பாக்குற வெயிட்-இன் ஹால்ல பேர் கூப்பிடுறதுக்காக நின்னுட்டு இருந்தேன். மேசைல உக்காந்திருந்த அதிகாரி என் ஃபைலை ஒவ்வொரு பக்கமா திருப்பிட்டு வந்தவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் நிறுத்தி, மேல் மூலைல இருந்த தேதி மேல பேனா முனைய வச்சு என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவங்க ஏத்துக்குற கெடு முடிஞ்சு 9 நாள் ஆகியிருந்துச்சு. அதோட எல்லாம் முடிஞ்சது. எனக்காக ரொம்ப தூரம் பயணம் பண்ணி வந்திருந்த எதிராளி ஒரு வார்த்தை பேசல, என் தோளைத் தட்டிட்டு பையைத் தூக்கிட்டுப் போனார், அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கல.

குத்த கத்துக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா இந்த பேப்பர், காண்ட்ராக்ட், தராசு சமாச்சாரத்த யாரும் உக்கார வச்சு சொல்றதில்ல. எனக்கு லைசென்ஸ்லேர்ந்து முதல் ஃபைட் வரைக்கும் 8 மாசம் ஓடிப்போச்சு, முன்னாடியே தெரிஞ்சிருந்தா 3, 4 மாசத்துல முடிச்சிருப்பேன். அந்த மாசங்கள் உங்களுக்கு மிஞ்சட்டும்னுதான் எழுதுறேன். ஒரு விஷயம், விதிகள் நாட்டுக்கு நாடு, லைசென்ஸ் கொடுத்து ஃபைட்ட கண்காணிக்கிற கமிஷனுக்குக் கமிஷன் மாறும், அதனால இதைப் படிச்சதும் உங்க கமிஷனோட விதிப் புத்தகத்த எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க.

1. முதல்ல உங்க உடம்பு இந்த வெயிட்டுக்கு சேருமான்னு பாருங்க

லைட் மிடில்வெயிட்னா 147 பவுண்டுக்கு மேல 154 பவுண்டு வரைக்கும், கிலோல 69.85. இதையே சூப்பர் வெல்டர்வெயிட்னும் ஜூனியர் மிடில்வெயிட்னும் சொல்லுவாங்க, எல்லாம் ஒண்ணுதான், பேப்பர்ல எந்தப் பேர் இருந்தாலும் 154ங்கிற நம்பர் இருக்கான்னு மட்டும் பாருங்க.

அமெச்சூர்லேர்ந்து வர்றவங்க இங்க ஒரு கணக்கு போடணும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்ல ஆண்களுக்கு இருந்தது 71 கிலோ. அங்க ஆடினவர் ப்ரோ லைட் மிடில்வெயிட்டுக்கு வந்தா 1 கிலோ 150 கிராம் கூடுதலா இறக்கணும். கேக்க சின்னதா தெரியும், ஆனா ஏற்கனவே காஞ்ச உடம்புலேர்ந்து வர்ற கடைசி ஒரு கிலோதான் உயிரை எடுக்கும். பதிலுக்கு ஒரு சலுகை இருக்கு, அமெச்சூர்ல ஆடுற நாள் காலைல தராசு ஏறணும், ப்ரோல பெரும்பாலும் முந்தின நாளே ஏறி இறங்கிடலாம்.

டெஸ்ட் இப்படி பண்ணுங்க. ரெண்டு வாரம், சாதாரணமா பயிற்சி பண்ணி சாதாரணமா சாப்பிட்டு, தினமும் காலைல பாத்ரூம் போய்ட்டு வந்து வெறும் வயித்துல தராசு ஏறி எழுதி வைங்க. சராசரி 74லேர்ந்து 76 கிலோ வந்தா இந்த வெயிட் உங்களோடது. 79, 80 வந்தா 160 பவுண்டு மிடில்வெயிட்ட பாருங்க, 68, 69லயே நிக்கிறீங்கன்னா வெல்டர்வெயிட்ட யோசிங்க, இல்லன்னா ரிங்குக்குள்ள உங்களவிட 6, 7 கிலோ கனமானவர் சாஞ்சு சாஞ்சு உங்க காலை உடைச்சிடுவார். உயரத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. செபாஸ்டியன் ஃபன்டோரா ஆறரை அடிய தொடுற உயரத்தோட இதே 154ல உலக சாம்பியன் ஆனவர்.

2. எப்போ மாறணும்

இதுக்கு இத்தனை அமெச்சூர் ஃபைட்னு ஒரு நம்பர் கிடையாது. என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணு, ஏற்கனவே ப்ரோவா இருக்கிறவரோட 6 ரவுண்ட், ரவுண்டுக்கு 3 நிமிஷம், ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) பண்ணி 5வது ரவுண்ட்லயும் கை இறங்காம இருக்கணும். அமெச்சூர்ல 3 ரவுண்ட்ல எல்லாத்தையும் கொட்டிப் பழகின மூச்சு ப்ரோல 4வது ரவுண்ட் தொடங்கும்போது தீந்து போயிருக்கும். பெண்களுக்கு பொதுவா ரவுண்ட் 2 நிமிஷம், டைட்டில் ஃபைட்டும் 10 ரவுண்டோட நிக்கும்.

ஒரு பொறி: ப்ரோ லைசென்ஸ் எடுத்துட்டா திரும்பி அமெச்சூர் போக முடியுமான்னு உங்க அமெச்சூர் ஃபெடரேஷன்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. வாய்ல "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு சொல்றத நம்பி இறங்காதீங்க. அமெச்சூர் ரெக்கார்ட் புக்க பத்திரமா வைங்க, லைசென்ஸுக்கு அத கேக்குற கமிஷன் நிறைய.

3. கோச் முதல்ல, மேனேஜர் அப்புறம்

எல்லாரும் தலைகீழா பண்றாங்க. ரெண்டு ஃபைட் ஜெயிச்சதும் யாராவது வந்து மேனேஜ் பண்றேன்னு சொன்னா உடனே தலையை ஆட்டிடுறாங்க. முதல்ல ப்ரோ கார்னர்ல நின்ன அனுபவம் இருக்கிற கோச்ச பிடிங்க, அவருக்கும் 'செகண்ட்', அதாவது கார்னர்ல உதவுறவர்ங்கிற லைசென்ஸ் இருக்கணும், இல்லன்னா ஃபைட் அன்னிக்கு உங்க கார்னர்ல நிக்கவே விடமாட்டாங்க. அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி, "நீங்க எப்போ டவல் போட்டு உங்க ஆளோட ஃபைட்ட நிறுத்தியிருக்கீங்க?" இதுக்கு ஒரு பதில் இருக்கிற கோச்சதான் நான் நம்புவேன்.

கார்னர்ல காயத்த பாத்துக்குற கட்மேன சாதாரணமா நினைக்காதீங்க. 2024 மார்ச் 30, லாஸ் வேகஸ்ல அப்போ சாம்பியனா இருந்த டிம் சூவுக்கு ரெண்டாவது ரவுண்ட்லயே ஃபன்டோராவோட முழங்கை பட்டு தலைல ஆழமா கிழிஞ்சது, அதுக்கப்புறம் 12வது ரவுண்ட் வரைக்கும் ரத்தம் கண்ணுக்குள்ள வழிய வழிய ஆடினார், ஸ்ப்ளிட் டிசிஷன்ல, அதாவது நடுவர்கள் ரெண்டுக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சு, தோத்தார். இடைவேளை 1 நிமிஷம்தான், அதுலயும் ஆள் உக்காந்து கார்னர் ஆள் உள்ள வந்து கை வைக்கிறதுக்குள்ள 10, 15 செகண்ட் போயிடும். மிச்சத்துல ரத்தத்த நிறுத்துறது ஒரு தனி தொழில், உங்க கோச்சுக்கு அது தெரியும்னு நீங்களா நினைச்சுக்காதீங்க.

4. மெடிக்கல், இங்கதான் நான் விழுந்தேன்

பொதுவா கேக்குறது: ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ரத்தப் பரிசோதனை, மூளை எம்ஆர்ஐ, கண்மணிய விரிச்சு பாக்குற கண் பரிசோதனை, ஈசிஜி, டாக்டரோட முழு உடல் பரிசோதனை. பெண்களுக்கு ஃபைட்டுக்குப் பக்கத்துல கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. 35, 40 வயசு தாண்டினவங்களுக்கும் ரொம்ப நாள் ஆடாம இருந்தவங்களுக்கும் இதுக்கு மேலயும் கேப்பாங்க.

இதுல ஒவ்வொண்ணுக்கும் ஆயுசு வேற வேற. ரத்தப் பரிசோதனை ஒரு இடத்துல 6 மாசம் செல்லும், இன்னொரு இடத்துல வருஷக்கணக்கு, வேற ஒரு இடத்துல ஃபைட்டுக்கு முன்னாடி சில வாரத்துக்குள்ள எடுத்ததுதான் வேணும்பாங்க. கெடுவ எண்ணுறது ஃபைட் தேதிலேர்ந்து, அப்ளிகேஷன் தேதிலேர்ந்து கிடையாது. நான் அப்ளை பண்ணினப்ப என் ரிப்போர்ட் நல்லாத்தான் இருந்துச்சு, நடுவுல ஷோவ 3 வாரம் தள்ளி வச்சாங்க, அந்த 3 வாரத்துல ரிப்போர்ட் செத்துப் போச்சு, யாரும் சொல்லல, நானும் பாக்கல. ஷோ தள்ளிப்போச்சுன்னு போன் வந்த அடுத்த நிமிஷம் ஃபைல திறந்து எல்லா தேதியையும் திரும்ப எண்ணுங்க.

இன்னும் சில பொறி:

எம்ஆர்ஐக்கு க்யூ நீளம், செலவும் இதுலதான் அதிகம், அதனால முதல் அப்பாயின்ட்மென்ட் இதுக்கு எடுங்க. படத்தோட சிடி மட்டும் கொடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க, ரேடியாலஜிஸ்ட் கையெழுத்து போட்ட எழுத்து ரிப்போர்ட்டும் வேணும். கண்ணாடிக் கடைல பாக்குற பவர் டெஸ்ட் செல்லாது, கண் டாக்டர்தான் பாக்கணும், அவருக்கு கமிஷனோட ஃபார்ம கையோட கொண்டு போங்க, ஏன்னா அவங்க லெட்டர்பேட்ல எழுதிக் கொடுக்கிறத சில கமிஷன் ஏத்துக்காது, நான் ரெண்டாவது தடவை போய் காசு கட்டி எழுதி வாங்கினேன். எல்லா ரிப்போர்ட்லயும் பேரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறினாலும் திருப்பி அனுப்புவாங்க. இனிஷியல் வச்சு எழுதுற நமக்கு இது பெரிய தலைவலி, கவுண்டர்லயே நின்னு ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு வாங்க.

மெடிக்கல்ல ஏதாவது வந்தா ஒளிக்காதீங்க. விழித்திரைல கிழிசல், எம்ஆர்ஐல சந்தேகப்படுற மாதிரி ஒரு புள்ளி, இதெல்லாம் வேற ஊர்ல வேற டாக்டர்கிட்ட போய் சரிக்கட்டுற விஷயமே இல்ல.

5. லைசென்ஸ் அப்ளிகேஷன்

மெடிக்கல் கைல இருந்தா இது வேகமா போகும். அடையாள அட்டை, போட்டோ, அமெச்சூர் ரெக்கார்ட், மெடிக்கல், ஃபீஸ், சில இடத்துல கோச்சோட கடிதம், சில இடத்துல நேர்காணல், சில இடத்துல அவங்க ஆள் முன்னாடி ஸ்பாரிங். குறைஞ்சபட்ச வயசு பெரும்பாலும் 18. லைசென்ஸ் வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

அமெரிக்காவுல ஆடப் போறீங்கன்னா மாநில லைசென்ஸோட ஃபெடரல் ஐடி கார்டும் தேவை, அது 1996ல வந்த சட்டத்தால. வெளிநாட்டுல ஆடுறதா இருந்தா உங்க சொந்த கமிஷன்கிட்டேர்ந்து அனுமதிக் கடிதமும் கேப்பாங்க, அது இல்லாம போய் ஆடினா உங்க நாட்டு லைசென்ஸ் போகும். விசாவும் பாத்துக்கோங்க, டூரிஸ்ட் விசால போய் பர்ஸ் (ஃபைட்டுக்கான சம்பளம்) வாங்குறது பல நாட்டுல குற்றம். "எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க"ன்னு சொல்ற ஆள் மாட்டிக்கும்போது பக்கத்துல நிக்க மாட்டார்.

6. காண்ட்ராக்ட், ஒவ்வொரு வரியும்

மூணு விதமான பேப்பர் வரும். மேனேஜரோட ஒண்ணு, ஷோ நடத்துற புரமோட்டரோட ஒண்ணு, ஒவ்வொரு ஃபைட்டுக்கும் தனியா ஒண்ணு. மேனேஜர் உங்களுக்காக புரமோட்டர்கிட்ட பேசி விலைய ஏத்த வேண்டிய ஆள், அதனால ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா உங்களுக்காகப் பேச யாருமே இல்லன்னு அர்த்தம். அமெரிக்காவுல 2000ல வந்த முகமது அலி சட்டம் இதுக்காகவே இந்த ரெண்டுக்கும் நடுவுல சுவர் போட்டுச்சு. புரமோட்டருக்கு அந்த ஃபைட்லேர்ந்து எவ்வளவு வருதுன்னு பாக்ஸருக்கு சொல்லணும்ங்கிறதும் அதுல இருக்கு. உங்க நாட்டுல அப்படி சட்டம் இல்லன்னா நீங்களே கேளுங்க, கேக்குறதுல வெக்கம் வேண்டாம்.

புரமோட்டர் காண்ட்ராக்ட்ல நான் பேனா வச்சு கோடு போட்டுப் படிக்கச் சொல்ற இடங்கள்: எத்தனை வருஷம். வருஷத்துக்கு கட்டாயமா எத்தனை ஃபைட் தருவாங்க, தரலன்னா என்ன. காயம் பட்டு உக்காந்திருக்கிற மாசங்கள காண்ட்ராக்ட் காலத்துல சேப்பாங்களா, இல்ல அத்தனை மாசம் பின்னாடி நீட்டுவாங்களா. டைட்டில் ஜெயிச்சா தானா நீளுமா, எத்தனை வருஷம் நீளும். இந்த கடைசி ரெண்ட நான் முதல்ல படிச்சப்ப கவனிக்கவே இல்ல, மூணு வருஷம்னு நினைச்சு கையெழுத்து போட்டது கணக்குப் பாத்தா அஞ்சரை வருஷம் வரைக்கும் இழுக்கலாம்னு ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிஞ்சது. காண்ட்ராக்ட வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வக்கீல்கிட்ட காட்டுற ஃபீஸ், இந்த தொழில்ல நான் கொடுத்த காசுலேயே பிரயோஜனமான காசு. இப்பவே கையெழுத்து போடு, நாளைக்கு இந்த ஆஃபர் இருக்காதுன்னு சொன்னா அந்த ஆஃபர போக விடுங்க.

ஒவ்வொரு ஃபைட் பேப்பர்லயும் பாக்க வேண்டியது வெயிட், ரவுண்ட், க்ளவுஸ் அளவு, பர்ஸ், வெயிட் தப்பினா எவ்வளவு பிடிப்பாங்க, மெடிக்கல் செலவு யாரோடது, பயணம் எத்தனை பேருக்கு, காயம் பட்டா இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்கு. இன்ஷூரன்ஸ் இருக்குன்னு வாய்ல சொன்னா போதாது, பாலிசி நகல் கைக்கு வரணும்.

வெயிட்னா 154தானேன்னு விட்டுடாதீங்க. 2010 நவம்பர்ல மேனி பாக்கியாவும் அன்டோனியோ மார்கரிட்டோவும் டபிள்யூபிசிங்கிற உலக அமைப்போட 154 பவுண்டு பெல்ட்டுக்கு (சாம்பியன் பட்டத்துக்கு) ஆடினப்ப ஒப்புக்கிட்ட எடை 150. பெல்ட் இந்த வெயிட், தராசு வேற வெயிட். பேர் பெருசா இருக்கிறவர் தனக்கு வசதியான நம்பர கேப்பார், சின்ன ஹால்லயும் இதேதான், "ஒரு 152க்கு வாங்களேன்"னு போன்ல கேப்பாங்க. அந்த 2 பவுண்டுக்கு விலை பேசுங்க, இல்லன்னா முடியாதுன்னு சொல்லுங்க.

7. பணக் கணக்கு

பர்ஸ் 100னு வச்சுக்கோங்க. கோச்சுக்கு 10 சதவீதம், இது ஊர் உலக வழக்கம். மேனேஜருக்கு எவ்வளவுங்கிறது பேசுறதப் பொறுத்தது, பிரிட்டன்ல உச்சவரம்பு 25 சதவீதம், நெவாடால மூணுல ஒரு பங்கு வரைக்கும் போகலாம். கட்மேனுக்கு 2, 3 சதவீதம், சின்ன ஃபைட்டுன்னா ஒரு தொகையா பேசிக்குவாங்க. இப்பவே 63 கிட்ட வந்துட்டீங்க. இதுலேர்ந்து வரி, லைசென்ஸ், மெடிக்கல், ஜிம் ஃபீஸ், ஸ்பாரிங் பார்ட்னர் செலவு. பெல்ட் வரைக்கும் போனா அந்த பெல்ட் கொடுக்கிற அமைப்புக்கும் சுமார் 3 சதவீதம் கட்டணும்.

ஆரம்ப ஃபைட்ல பர்ஸ்ங்கிறதே பல இடத்துல டிக்கெட்தான். புரமோட்டர் கட்டு டிக்கெட் கைல கொடுத்து வித்துட்டு வாங்கன்னு சொல்லுவார், எதிராளியோட பர்ஸும் அவர் வந்து போற செலவும் உங்க டிக்கெட் காசுலேர்ந்து கழிஞ்சு, மிச்சத்துல ஒரு பங்குதான் உங்களுக்கு. எத்தனை டிக்கெட் வித்தா எனக்கு பூஜ்ஜியம், எத்தனை வித்தா எனக்கு எவ்வளவுன்னு நம்பர் போட்டு எழுதி வாங்குங்க. ஷோ ரத்தானா டிக்கெட் காச வாங்கினவங்களுக்கு யார் திருப்பிக் கொடுக்கணும்ங்கிறதும் அதுல இருக்கணும். என் முதல் ஃபைட் கெட்டப்ப வாசல் வாசலா போய் பணத்த திருப்பிக் கொடுத்தது நான்தான்.

என் முதல் 3 ஃபைட்டும் சேத்து மெடிக்கல் செலவக் கூட எடுக்கல. வேலைய விட்டுட்டு இறங்காதீங்க. குறைஞ்சது ஒரு வருஷத்துக்கு ஷிஃப்ட் மாத்திக்க முடியற வேலை ஒண்ணு கைல இருக்கட்டும்.

8. வெயிட் இறக்குறது

பெல்ட் கொடுக்கிற பெரிய அமைப்புகள் வச்சிருக்கிற அளவையே உங்க அளவா வச்சுக்கோங்க, நீங்க டைட்டில் ஆடலன்னாலும் சரி. டபிள்யூபிசி ஃபைட்டுக்கு 30 நாள் முன்னாடி லிமிட்ட விட 10 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதும்பாங்க, 154க்கு அது 169.4 பவுண்டு, 76.8 கிலோ. 7 நாள் முன்னாடி 5 சதவீதம், அதாவது 161.7 பவுண்டு, 73.3 கிலோ. ஐபிஎஃப் டைட்டில்ல ஃபைட் அன்னிக்கு காலைல திரும்ப தராசு ஏத்துவாங்க, லிமிட்ட விட 10 பவுண்டுக்கு மேல ஏறியிருக்கக் கூடாது, 164 பவுண்டு, 74.4 கிலோ. இந்த மூணு நம்பரையும் சுவர்ல எழுதி ஒட்டுங்க. 7 நாள் முன்னாடி 75ல நின்னா நீங்க தண்ணியத்தான் பிழியப் போறீங்க, கொழுப்ப இல்ல. தண்ணி வத்தின உடம்போட ரிங் ஏறுறது தலைக்கு ஆபத்து, மெதுவாகுறது மட்டும் இல்ல விஷயம்.

நான் வீட்டு டிஜிட்டல் தராச நம்பினேன். அது 300 கிராம் குறைச்சு காட்டியிருக்கு. வெயிட்-இன்ல 154.6 பவுண்டு வந்துச்சு, ரெண்டு பேர் டவல் பிடிக்க உள்ளாடையும் கழட்டி ஏறினேன், 154.4. 1 மணி நேரம் டைம் கொடுத்தாங்க. பிளாஸ்டிக் சூட் மாட்டி படிக்கட்டு இடுக்குல கயிறு ஆடினேன், எச்சில் துப்பக்கூட வாய்ல ஈரம் இல்ல. 153.8 வந்தேன். அடுத்த நாள் மூணாவது ரவுண்ட் பெல் அடிச்சப்ப எந்திரிக்கணும்னு மனசு சொல்லுது, தொடை கேக்கல. பாயின்ட்ஸ்ல தோத்தேன். அந்த 300 கிராமுக்குத்தான் தோத்தேன்.

அதனால செக் பண்ணின நல்ல தராசு ஒண்ண சொந்தமா வாங்கி எங்க போனாலும் கொண்டு போங்க. ஊருக்குப் போனதும் அஃபிஷியல் தராசுல செக் வெயிட் பாக்க எப்போ விடுவாங்கன்னு கேட்டு, அங்கயும் ஏறி உங்களோடதுலயும் ஏறி வித்தியாசத்த எழுதிக்கோங்க.

மருந்து விஷயத்துல ரெண்டு பொறி, ரெண்டுலயும் நல்ல பசங்க மாட்டியிருக்காங்க. நீர் பிரிய வைக்கிற மாத்திரை எல்லாம் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவோட (WADA) தடைப் பட்டியல்ல இருக்கு, வெயிட்டுக்காக எடுத்தாலும் ஊக்கமருந்து கேஸ்தான். வெயிட்-இன் முடிஞ்சு ட்ரிப் ஏத்திக்கிறதும் அப்படியே, ஆஸ்பத்திரி சிகிச்சை மாதிரி காரணமோ முன் அனுமதியோ இல்லாம 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல ஏத்துறது தடை. உப்பு கலந்த தண்ணிய வாய் வழியா, மடக்கு மடக்கா, சாயங்காலம் முழுக்க குடிங்க. அந்தப் பட்டியல் வருஷா வருஷம் ஜனவரி 1 மாறும், சளி மாத்திரையா இருந்தாலும் பாத்துட்டு விழுங்குங்க.

9. ஃபைட் அன்னிக்கு டிரெஸ்ஸிங் ரூம்

க்ளவுஸ்: பொதுவா 147 வரைக்கும் 8 அவுன்ஸ், அதுக்கு மேல 10. அதாவது வெல்டர்லேர்ந்து ஏறி வர்றவங்களுக்கு இங்கதான் க்ளவுஸ் மாறுது. 2017ல மேவெதர், மெக்ரெகர் 154ல ஆடினப்ப 8 அவுன்ஸ் போட நெவாடா கமிஷன்கிட்ட தனியா விலக்கு வாங்க வேண்டியிருந்துச்சு. கடைசி 3 வாரம் பேட் வொர்க்க (கோச் பிடிக்கிற பேட்ல குத்துறத) 10 அவுன்ஸ்லயே பண்ணுங்க, 16 அவுன்ஸ் ஸ்பாரிங் க்ளவுஸ்ல கை மேல நின்ன குத்து இதுல இடுக்கு வழியா உள்ள வந்துடும்.

கைக்கட்டு கட்டும்போது கமிஷன் ஆள் பக்கத்துல நிப்பார், கட்டி முடிச்சதும் மேல கையெழுத்து போடுவார், எதிராளி கார்னர்லேர்ந்தும் ஒருத்தர் வந்து பாக்கலாம். நீங்களும் உங்க ஆள ஒருத்தர எதிர் ரூமுக்கு அனுப்புங்க, மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. 2009 ஜனவரில ஷேன் மோஸ்லி ஃபைட்டுக்கு முன்னாடி மார்கரிட்டோவோட கட்டுக்குள்ள இறுகின பொருள் இருந்தத கண்டுபிடிச்சது மோஸ்லியோட கோச்தான். தனக்குத் தெரியாதுன்னு மார்கரிட்டோ சொன்னார், ஆனாலும் கலிஃபோர்னியா கமிஷன் அவரோட லைசென்ஸயும் கோச்சோட லைசென்ஸயும் ரத்து பண்ணுச்சு. உங்க கைல என்ன சுத்துறாங்கன்னு நீங்கதான் பாக்கணும், கண்ண மூடி மியூசிக் கேக்குற நேரம் அது இல்ல.

எதிராளி மாறிட்டார்னு கடைசி நேரத்துல வந்து சொல்றது சகஜம். மேல சொன்ன சூ ஃபைட்லயே ஃபன்டோரா ரெண்டு வாரத்துக்கும் கம்மியான நேரத்துல கீத் தர்மனுக்குப் பதிலா வந்தவர். குட்டையான வலதுகைக்காரருக்கு தயார் பண்ணிட்டு ரொம்ப உயரமான இடதுகைக்காரர்கூட ஆடணும். வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கான்னு காண்ட்ராக்ட்ல முன்னாடியே பாத்து வைங்க.

10. ஃபைட் முடிஞ்சப்புறம்

தோத்தாலும் ஜெயிச்சாலும் டாக்டர பாக்காம கட்டடத்த விட்டுப் போகாதீங்க. டெக்னிக்கல் நாக்அவுட்னா (ரெஃப்ரி நிறுத்தினா) பொதுவா 30 நாள், நாக்அவுட்னா 60 நாள் சஸ்பென்ஷன், சில சமயம் அதுக்கு மேலயும், ஸ்கேன் எடுத்துக் காட்டினாதான் விடுவாங்க. அந்த நாள்ல ஸ்பாரிங்கும் கூடாது. ஒரு இடத்துல சஸ்பென்ஷன்ல இருந்துட்டு இன்னொரு இடத்துல ஆட வைக்கிறேன்னு யாராவது சொன்னா அந்த ஆள்கிட்டேர்ந்து விலகிடுங்க.

பேட்ரிக் டேங்கிறவர் நம்ம வெயிட்காரர், 27 வயசு. 2019 அக்டோபர் 12 சிகாகோல 10வது ரவுண்ட்ல நாக்அவுட் ஆனார், கோமாலேர்ந்து எந்திரிக்கவே இல்ல, 4 நாள்ல போயிட்டார். இத பயமுறுத்த சொல்லல. தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுறது, பேச்சு குழறுறது, ஒரு பக்கம் கை மரத்துப் போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி. உங்களோட ஒரே ரூம்ல தங்குறவருக்கு இந்த லிஸ்ட்ட முன்னாடியே சொல்லி வைங்க, அடிபட்டவருக்கு தனக்கு என்ன ஆகுதுன்னு தெரியாது.

11. ரெக்கார்ட், ரேங்கிங்

பாக்ஸர்களோட ரெக்கார்ட் வைக்கிற பாக்ஸ்ரெக் வெப்சைட்ல உங்க ஃபைட் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க, தப்பா இருந்தா உடனே எழுதிப் போடுங்க, யாரோட யார் ஆடணும்னு ஜோடி சேக்குற மேட்ச்மேக்கர் முதல்ல பாக்குறது அதத்தான். 4 ரவுண்ட், 6, 8, 10ன்னு படிப்படியா ஏறுங்க. ரெக்கார்ட சுத்தமா வச்சுக்க எப்பவும் தோக்குற ஆள்களோடவே ஆட வைக்கிற மேனேஜர் உங்களுக்கு நல்லது பண்ணல, 10 ரவுண்ட் ஃபைட் வரும்போது அது தெரியும். மேல டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓன்னு நாலு பெல்ட், நாலுக்கும் தனித்தனி ரேங்கிங். நாலையும் ஒரே கைல சேத்தவர் இந்த வெயிட்ல ஆண்கள்ல ஜெர்மல் சார்லோ, 2022 மே. பெண்கள்ல கிளாரெஸா ஷீல்ட்ஸ், 2021 மார்ச். ரேங்கிங்ல மேல வந்தாலும் காத்திருப்பு முடியாது, பக்ராம் முர்தசாலியேவ் ஐபிஎஃப் சேலஞ்சரா பல வருஷம் உக்காந்திருந்து 2024 ஏப்ரல்லதான் பெல்ட்டுக்கு ஆடினார், ஜெயிச்சார். அந்த மாதிரி காத்திருக்கிற வருஷத்துலயும் உங்க லைசென்ஸும் எம்ஆர்ஐயும் காலாவதி ஆகிட்டேதான் இருக்கும்.

12. தேதிய பின்னாடிலேர்ந்து எண்ணுங்க

ஃபைட் தேதிக்கு 16 வாரம் முன்னாடி எம்ஆர்ஐ அப்பாயின்ட்மென்ட், பாஸ்போர்ட் செல்லுபடி பாக்குறது. 14 வாரம், கண், ஈசிஜி, உடல் பரிசோதனை. 12 வாரம், லைசென்ஸ் அப்ளிகேஷன், வெளிநாடுன்னா விசாவும். 8 வாரம், ஃபைட் பேப்பர்ல கையெழுத்து, வக்கீல் பாத்த அப்புறம். ரத்தப் பரிசோதனை 6 வாரத்துக்குள்ள இருக்கிற மாதிரி எடுத்தா ஷோ கொஞ்சம் தள்ளிப்போனாலும் பெரும்பாலும் தாங்கும். 30 நாள், 76.8 கிலோ. 7 நாள், 73.3 கிலோ. 3 நாள் முன்னாடி கமிஷனுக்கு போன் போட்டு, "என் ஃபைல்ல ஏதாவது பாக்கி இருக்கா?"ன்னு கேட்டு, பதில் சொன்னவர் பேரையும் நேரத்தையும் குறிச்சுக்கோங்க. எல்லாத்தோட ஒரிஜினலும் ரெண்டு செட் நகலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல, முதல் பக்கத்துல ஒவ்வொரு பேப்பரும் என்னைக்கு காலாவதி ஆகுதுன்னு கையால எழுதின ஒரு தாள், அந்த ஃபைல் கார்னர் ஆள் பைல இருக்கக் கூடாது, உங்க பைல இருக்கணும்.